1967 ஜாகுவார் இ-டைப் 2+2: ஆட்டோமேட்டிக் கியரும் ஏசியும் பொருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில், பழைய பிரிட்டிஷ் கார்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் நடந்த வேலை இது. கியர்பாக்ஸை எங்கள் மூத்த மெக்கானிக் பார்த்தார். ஏசியும் வயரிங்கும் என் பொறுப்பு. இதே மாதிரி வேலையை யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை.

## பின்னணி

வண்டியின் சொந்தக்காரர் எண்ணெய்க் கம்பெனியில் புவியியல் வல்லுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். இந்த இ-டைப்பை நடுத்தர வயதில் வாங்கி, எஞ்சின் பராமரிப்பை எல்லாம் தானே செய்துகொண்டு ஓட்டிவந்தார். இடது முழங்காலில் மாற்று மூட்டு வைத்த பிறகுதான் சிக்கல் வந்தது. கிளட்சை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் ஹூஸ்டன் டிராஃபிக்கில் அரைமணி நேரம் மிதித்தால் அன்று மாலை மூட்டு வீங்கிக்கொள்ளும். இன்னொரு பக்கம், அவர் மனைவி ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். கடலோர ஊரின் வெயிலும் புழுக்கமும் தெரிந்தவர்கள் அந்த அம்மாளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இ-டைப் 1961 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் அறிமுகமானது. 1964-இல் எஞ்சின் 3.8 லிட்டரிலிருந்து 4.2 லிட்டராக வளர்ந்தது. 1966-இல் பின்னால் இரண்டு சிறு இருக்கைகளோடு 2+2 என்ற உடல் வந்தது. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள நீளம் இதில் 9 அங்குலம் கூட. அழகு குறைந்துவிட்டது என்று அன்றைக்கே முணுமுணுத்தார்கள். இன்றைக்கும் சந்தையில் இதற்குத்தான் விலை குறைவு. ஆனால் இந்த உடலுக்குத்தான் ஜாகுவார் கம்பெனியே போர்க்-வார்னர் ஆட்டோமேட்டிக் கியரை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. எங்கள் கைக்கு வந்தது 1967-ஆம் வருடத்து 2+2. இடப்பக்க ஸ்டியரிங், மூன்று எஸ்யூ கார்புரேட்டர், நாலு கியர் மேனுவல்.

பழைய வண்டியைக் கெடுக்கிறோமா என்ற கேள்விக்கு என் பதில் இந்தத் தகவலிலேயே இருக்கிறது. கம்பெனியே ஆட்டோமேட்டிக் போட்டு விற்ற உடல் இது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஓபன் வண்டியாக இருந்திருந்தால் நாங்கள் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

## முதலில் பார்த்தவை

கழற்றுவதற்கு முன் வண்டியை அப்படியே ஓட்டிப் பார்த்தோம். வெயில் நாளில் நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் முள் ஒழுங்காக நின்றது. நகருக்குள் நாலைந்து சிக்னல் தாண்டியதும் மெல்ல ஏறத் தொடங்கியது. இந்த வண்டி சீரிஸ் 1, அதாவது இ-டைப்பின் முதல் வகை. அதன் முன்வாய் சின்னது. காற்று உள்ளே போக அந்த ஒரு வழிதான். ரேடியேட்டருக்குப் பின்னால் சின்னதாக ஒரே ஒரு மின்விசிறி. 1968-இல் வந்த சீரிஸ் 2-வில் வாயைப் பெரிதாக்கி, விசிறியையும் இரண்டாக்கினார்கள், ஏசியும் கொடுத்தார்கள். ஏசி வைக்கும் முன் கம்பெனி எதையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது என்பதை அதிலேயே படித்துக்கொள்ளலாம்.

உள்ளே வரும் சூடு எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். இந்த வண்டியின் எக்ஸ்கே எஞ்சினில் கார்புரேட்டர்கள் வலப்பக்கம், புகைக்குழாய்கள் இடப்பக்கம். அமெரிக்க வண்டியில் ஓட்டுநரின் கால் இருப்பதும் இடப்பக்கம். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கித் தகட்டில் கை வைத்தால் வைத்த வேகத்தில் எடுக்க வேண்டியிருந்தது. ஹீட்டர் பெட்டி எஞ்சின் அறையின் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வால்வு மூடியிருந்தும் சுடுதண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. அதாவது ஹீட்டர் வருடம் முழுக்க ஓடியிருக்கிறது. இதற்கு மேல் பின்பக்கத்துச் சரிந்த கண்ணாடி வழியாக வரும் வெயில்.

மின்சாரப் பக்கம் ஓரளவு நிம்மதி. 3.8 லிட்டர் வண்டிகள் பாசிட்டிவ் எர்த், டைனமோ வகை. 4.2-இல் நெகட்டிவ் எர்த்தும் ஆல்டர்னேட்டரும் வந்துவிட்டன. ஆனால் அந்த லூகாஸ் ஆல்டர்னேட்டர் கொடுப்பது சுமார் 45 ஆம்பியர். ஏசி ப்ளோயர், இரண்டு பெரிய விசிறி, கம்ப்ரசர் கிளட்ச், ஹெட்லைட் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் பேட்டரியிலிருந்துதான் பாக்கி போகும்.

இங்கேயே ஒன்று புரிந்தது. கியரை மாற்றுவது ஒரு வேலை, ஏசி வைப்பது இன்னொரு வேலை என்று பிரித்துத்தான் எல்லோரும் விலை கேட்பார்கள். இரண்டும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: வெயிலில் சிக்னலில் நிற்கும் அந்த இரண்டு நிமிடம். கியர் ‘டி’-யில் கிடக்கும்போது, ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே எஞ்சினையும் கியரையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் எஞ்சினைப் பிடித்து இழுக்கும். அதன் எண்ணெய் சூடாகும். ஏசி கம்ப்ரசர் இன்னொரு பக்கம் இழுக்கும். ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சர், அந்தச் சூட்டை ரேடியேட்டர் முகத்திலேயே விடும். ஐட்லிங்கில் எஞ்சினுக்குத் தெம்பு குறைவு, காற்றும் குறைவு. அந்த இரண்டு நிமிடத்தைத் தாங்குகிறதா என்பதுதான் இந்த வேலைக்கான பரீட்சை என்று முடிவு செய்தோம்.

## எடுத்த முடிவுகள்

முதலில் சொந்தக்காரரிடம் நேராகவே சொன்னோம்: இதை விற்றுவிட்டு, கம்பெனி ஆட்டோமேட்டிக்கும் ஏசியும் உள்ள சீரிஸ் 2 2+2 ஒன்றை வாங்கினால் பணம் மிச்சமாகும். அவர் யோசித்துப் பார்த்து மறுத்தார். இந்த வண்டிதான் வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது. பட்டறைக்காரர்கள் இந்த வழியை எடுத்துச் சொல்லத் தயங்குவதுண்டு. கைக்கு வரும் வேலை போய்விடுமே என்று. சொல்லிவிட்டால் பிறகு யாருக்கும் மனக்கசப்பு இருக்காது.

அப்புறம் நிபந்தனைகள். உடல் தகட்டில் எதையும் வெட்டுவதில்லை, வெல்டிங் வைப்பதில்லை. கழற்றும் ஒவ்வொன்றும், கியர்பாக்ஸ், ஃப்ளைவீல், கிளட்ச் பெடல், புரொப்பல்லர் ஷாஃப்ட், கன்சோல் வரைக்கும், பெயர் எழுதிப் பெட்டியில் போய்விட வேண்டும். ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் கொடுக்கும் சான்றிதழில் வண்டி எண், எஞ்சின் எண்ணோடு கியர்பாக்ஸ் எண்ணும் அச்சாகியிருக்கும். நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போனால் அந்தப் பெட்டிக்கு நல்ல மதிப்பு உண்டு.

எந்த ஆட்டோமேட்டிக் என்பதில் கொஞ்சம் விவாதம் நடந்தது. காலத்துக்குப் பொருத்தமானது போர்க்-வார்னர் மாடல் 8. மூன்று கியர், டி1, டி2 என்று இரண்டு ஓட்டநிலை. டி2-வில் வண்டி இரண்டாம் கியரில்தான் கிளம்பும். இரும்பு உடம்பு, பெரும் எடை, மந்தமான மாற்றம். நல்ல நிலையில் ஒன்றைத் தேடுவதும் பாடு. இன்னொரு பக்கம் ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4. 1982-லிருந்து வந்த நாலு கியர் பெட்டி. நாலாவது 0.70 ஓவர்டிரைவ், அதாவது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கியர். கன்வெர்ட்டர் வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் லாக்-அப்பும் உண்டு. டெக்சஸில் எந்தத் தெருவிலும் இதைப் பிரித்துக் கட்டத் தெரிந்த ஆள் கிடைப்பார். எக்ஸ்கே எஞ்சினோடு சேர்க்கும் இணைப்புத் தகடும் கடையில் கிடைக்கிறது.

ஓவர்டிரைவுக்குக் கூடுதல் காரணம் ஒன்று இருந்தது. இந்த வண்டியின் பின் ஆக்சில் 3.54 விகிதம். நாலாம் கியரில் மணிக்கு 70 மைல் போக எஞ்சின் சுமார் 3,200 சுற்று சுற்ற வேண்டும். 0.70 வந்துவிட்டால் அது 2,250-க்கு அருகில் இறங்கிவிடும். சுற்று குறைந்தால் சத்தம் குறையும், சூடும் குறையும். ஏசிக்கான காற்றும் அதே சின்ன முன்வாய் வழியாகத்தான் வர வேண்டும் என்றால் சூட்டைக் குறைக்கும் எந்த வழியையும் விடக்கூடாது. ஆகவே 700ஆர்4.

வேலையின் வரிசையையும் சூடுதான் தீர்மானித்தது: முதலில் குளிரூட்டலும் மின்சாரமும், அடுத்து கியர், கடைசியில் ஏசி.

## வேலை நடந்த விதம்

### ரேடியேட்டரும் மின்சாரமும்

பழைய ரேடியேட்டரை எடுத்து வைத்துவிட்டு அதே இடத்தில் உட்காரும் தடித்த அலுமினிய ரேடியேட்டர் வைத்தோம். பின்பக்கம் மூடுகூட்டோடு இரண்டு இழுக்கும் விசிறிகள். ஆல்டர்னேட்டரை 100 ஆம்பியர் வகைக்கு மாற்றினோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியின் டேஷ்போர்டில் உள்ள ஆம்மீட்டர் வழியாகத்தான் சார்ஜிங் மின்சாரம் முழுக்கப் போகிறது. அதன் அளவு 60 வரைக்கும்தான். பெரிய ஆல்டர்னேட்டரைப் பழைய பழுப்பு வயரிலேயே கோத்தால், பேட்டரி இறங்கியிருக்கும் ஒரு நாளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் உருகும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாகத் தடித்த வயரும் உருகியும் போட்டோம். விசிறியும் ஏசியும் அங்கிருந்தே ரிலே வழியாக எடுத்துக்கொண்டன. ஆம்மீட்டர் இப்போது பாதி உண்மைதான் சொல்கிறது. அதற்குப் பதிலாக ஒரு சிறு வோல்ட்மீட்டரைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தோம்.

### கியர்பாக்ஸ்

அந்த நீளமான பானெட்டைக் கழற்றி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகத் தூக்கினோம். பானெட்டை மறுபடி பொருத்தி இடைவெளி சரிசெய்வது கியர்பாக்ஸ் ஏற்றுவதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. விலை சொல்லும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இணைப்புத் தகடு எஞ்சினின் மையத்தோடு சரியாக நிற்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தார் மூத்தவர். கன்வெர்ட்டரை உள்ளே முழுக்கத் தள்ளியபின், அதற்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (ஃப்ளைவீல் இருந்த இடத்தில் வரும் மெல்லிய தகடு) நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் முதல் ஸ்டார்ட்டிலேயே முன்பம்ப் போய்விடும். தகடு, ஸ்பேசர் என்று வேற்றுக் கம்பெனிப் பாகங்கள் சேரும் இடத்தில் இந்த அளவை நம்பிக்கையில் விடக்கூடாது. எங்களுடையது ஓரத்தில் நின்றதால் மெல்லிய வாஷர் வைத்துச் சரிசெய்தார்.

2+2 என்பதால் கியர்பாக்ஸ் உட்காரும் நடுச்சுரங்கத்தில் இடம் இருந்தது. மேல்மூடியை மட்டும் புதிதாகச் செய்தோம். ஷாஃப்ட்டைப் புது நீளத்துக்குச் செய்தோம், ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு இடையில் ஒரு விகிதப்பெட்டி வைத்தோம். பார்க் அல்லது நியூட்ரலில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி சுவிட்சைக் கோத்தோம். கிளட்ச் பெடலை விட்டுவைக்கலாமா என்று சொந்தக்காரர் கேட்டார், பார்க்கப் பழையபடி இருக்குமே என்று. வேண்டாம் என்றோம். நாற்பது வருடப் பழக்கம் உள்ள கால், அவசரத்தில் அங்கே ஒரு பெடல் இருந்தால் அதைத் தேடிப் போகும்.

கியர் எண்ணெய்க்கான குளிர்ப்பானை எங்கே வைப்பது? எல்லோரும் கண்டன்சருக்கு முன்னால் தொங்கவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே காற்றுப் பஞ்சம். அதனால் புகைக்குழாய் இல்லாத வலப்பக்கத்தில், சட்டத்தின் கீழே, தனக்கென்று ஒரு சிறு விசிறியோடு வைத்தோம். இந்த முடிவு பின்னால் நன்றாகவே கைகொடுத்தது.

முதல் ஓட்டத்தில் ஒரு குறை தெரிந்தது. மென்மையாக ஓடியது, தேவைக்கு மேல் மென்மையாக. மணிக்கு 35 மைலிலேயே நாலாம் கியருக்குத் தாவி எஞ்சின் திணறியது. ஒவ்வொரு மாற்றமும் வழுக்கிக்கொண்டு போனது. புதிதாக ஓட்டுபவருக்கு இது சொகுசாகத் தெரியும். 700ஆர்4 தெரிந்தவர்களுக்கு இது ஆபத்து மணி. இந்தப் பெட்டியில் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து இழுபடும் ஒரு கேபிள் உண்டு. டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் என்பார்கள். கியர் எப்போது மாறுவது என்பதோடு, உள்ளே கிளட்ச் தகடுகளை எவ்வளவு அழுத்தத்தில் பிடிப்பது என்பதையும் அதுதான் சொல்கிறது. கேபிள் குறைவாக இழுபட்டால் அழுத்தம் குறையும், தகடு வழுக்கும், மூன்றாம், நாலாம் கியர்களுக்கான கிளட்ச் எரிந்துபோகும். அதற்கு ஆயிரக்கணக்கான மைல் எல்லாம் தேவையில்லை.

வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து பிரஷர் கேஜ் மாட்டினோம். பெடலை முழுக்க மிதித்தால் கேபிள் முழுக்க இழுபடுகிறது. பெடலை விட்டால் தளர்வில்லாமல் நிற்கிறது. இரண்டு முனையும் சரி. நடுவில்தான் கோளாறு. இந்தப் பெட்டி அமெரிக்கக் கார்புரேட்டருக்காகச் செய்யப்பட்டது. மூன்று எஸ்யூவைச் சேர்க்கும் நம் தண்டில் கேபிளைப் பிடித்த கை குட்டையானது, கோணமும் வேறு. கால்வாசி மிதியில் கேபிள் கிட்டத்தட்ட அசையவே இல்லை. நகர ஓட்டத்தில் கால்வாசிக்கு மேல் யார் மிதிக்கிறார்கள்? மூத்தவர் அலுமினியத் தகட்டில் ஒரு வளைந்த பிராக்கெட்டைத் தானே வெட்டி, கேஜைப் பார்த்துப் பார்த்து அரத்தால் தேய்த்து வடிவம் கொண்டுவந்தார். பெடல் அசைந்த அளவுக்கு அழுத்தமும் சீராக ஏறத் தொடங்கிய பிறகுதான் வண்டி மறுபடி ரோட்டுக்குப் போனது. எண்ணெய்த் தட்டை இறக்கிப் பார்த்தோம். எண்ணெய் சிவப்பாகவே இருந்தது, கருகல் வாடை இல்லை.

### ஏசி

பழைய கார் ஏசிகளில் இருந்த ஆர்-12 வாயுவின் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் 1996-லிருந்து நின்றுவிட்டது. ஆகவே அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ. பழைய நிமிர்ந்த யார்க் கம்ப்ரசருக்குப் பதில் சிறிய சாண்டன் கம்ப்ரசர், இணைக்குழாய்க் கண்டன்சர், வாயு ஊடுருவாத ஹோஸ், டேஷ்போர்டின் நடுவில் கீழே, உள்ளே காற்றைக் குளிராக்கும் எவாப்பரேட்டர். கோயம்புத்தூரில் அம்பாசடர்களுக்கு டேஷ்போர்டின் கீழே ஏசி தொங்கவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. முழங்கால் எங்கே இடிக்கும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள அது உதவியது. இங்கே முழங்கால்தான் கதையே.

எவாப்பரேட்டருக்கு முன் சூட்டை அடைத்தோம். தரைக்கும் தடுப்புச் சுவருக்கும் வெப்பத்தடுப்பு விரிப்பு, புகைக்குழாய்க்கும் தரைக்கும் நடுவே காற்றிடைவெளி விட்டு ஒரு மறைப்புத் தகடு, ஹீட்டர் குழாயில் கசியாத ஒரு பந்து வால்வு, பின்கண்ணாடிக்கு மெல்லிய வெப்பத்தடுப்பு ஃபிலிம். இவ்வளவையும் முடித்து ஏசி போடாமல் ஓட்டியபோதே சொந்தக்காரர், இது போதுமோ என்று கேட்டார்.

குழாய்களைப் பூட்டி, வேக்குவம் பம்பில் நன்றாக இழுத்து, சில மணி நேரம் விட்டு முள் அசையவில்லை என்று பார்த்தபின் எடை போட்டு வாயு ஏற்றினோம். குழாயில் வாயு ஓடுவதைப் பார்க்க வைத்த கண்ணாடித் துளையில் குமிழி மறையும்வரை ஏற்றுவது ஆர்-12 காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ-வில் அதை நம்பினால் அதிகமாக ஏறிவிடும். அமெரிக்காவில் கூலிக்கு இந்த வேலை செய்ய, சுற்றுச்சூழல் முகமையின் 609-ஆம் பிரிவுச் சான்றிதழும் இருக்க வேண்டும்.

முதல் பரீட்சையில் தோற்றோம். வெயில் 35 டிகிரி. ‘டி’-யில் போட்டு பிரேக்கில் நிறுத்தினோம். உயரழுத்தப் பக்கம் 325 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. துளைகளில் வரும் காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. எஞ்சின் டெம்பரேச்சரும் கூடவே ஏறியது. கம்ப்ரசர் சேரும் ஒவ்வொரு முறையும் ஐட்லிங் விழுந்து வண்டி நடுங்கியது.

பெரிய விசிறி வாங்கலாம் என்று பேச்சு எழுந்தது. அதற்கு முன் நான் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி முன்வாயில் பிடித்தேன். விசிறிகள் முழு வேகத்தில் ஓடுகின்றன. புகை கண்டன்சரை நோக்கிப் போனது, பாதி வழியில் இரண்டாகப் பிரிந்தது, ரேடியேட்டரின் இரண்டு ஓரத்திலும் இருந்த சந்துக்குள் நழுவிப் போனது. கீழே பிடித்தால் இன்னும் மோசம்: எஞ்சின் அறையின் சூடான காற்று அடிவழியாகச் சுற்றி முன்னால் வந்து, மறுபடி கண்டன்சருக்குள் போகிறது. உறிஞ்சும் சக்தி போதுமானதே. உறிஞ்சுவது பழைய சூட்டை.

அலுமினியத் தகடும் ரப்பர் நுரைப் பட்டையும் கொண்டு, வாயிலிருந்து ரேடியேட்டர் வரைக்கும் நாலு பக்கமும் அடைத்தோம். எல்லாம் ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஓட்டைகளிலேயே நிற்கும்படி. அதே வெயிலில் அதே பரீட்சை: 260 பக்கத்தில் நின்றது. மொத்த வேலையிலேயே செலவு குறைந்த பொருள் அந்த நுரைப் பட்டைதான்.

ஐட்லிங்குக்கு, கம்ப்ரசர் சேரும்போது ஆக்சிலரேட்டர் தண்டைக் கொஞ்சம் தூக்கிப்பிடிக்கும் ஒரு வேக்குவம் ஆக்சுவேட்டர் வைத்தோம். தூக்கும் அளவு நுணுக்கமானது. குறைந்தால் நடுக்கம்; கூடினால் சிக்னலில் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டு போகும், வயதானவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நிற்க வேண்டும். கியரின் கோணத்தில் பார்க்காமல் ஏசிக்காரன் மட்டும் இதைச் சரிசெய்தால் கூடுதலாகத்தான் வைப்பான்.

## பிறகு வந்த இரண்டு சிக்கல்கள்

ஒன்று, ஒரு சத்தம். நின்ற நிலையில் ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும்போது மட்டும் டக்கென்று ஒரு தட்டல். எங்கும் தளர்வு இல்லை. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், எஞ்சினைத் தாங்கும் சதுரக் குழாய்ச் சட்டத்தின் பெயின்ட்டில் நகத்தளவு ஒரு பளபளப்பு. எஞ்சின் தன் ரப்பர் மவுன்ட்டில் சாயும்போது கம்ப்ரசர் தாங்கியின் மூலை அங்கே போய்த் தட்டியிருக்கிறது. நிற்கும் எஞ்சினில் விரல் நுழையும் இடைவெளி இருந்த இடம் அது. இ-டைப்பின் முன்சட்டம் ரெனால்ட்ஸ் குழாயால் ஆனது. அதில் பள்ளம் விழுவது அழகுப் பிரச்சினையோடு முடியாது. சட்டமே முன்பாரத்தைத் தாங்குகிறது. தாங்கியின் மூலையைச் சீவி, எஞ்சின் மவுன்ட்டுகளையும் புதிதாக மாற்றினோம்.

இரண்டாவது, சூடாக நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் இருமியது. கண்டன்சரின் சூடும் சேர்ந்து எஞ்சின் அறை முன்பைவிடச் சூடாகியிருந்தது. பத்து சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் மிதவைக் கிண்ணத்திலேயே ஆவியாகிவிடுகிறது. பெட்ரோல் குழாய்க்கு வெப்ப உறை போட்டோம், சாவியை எடுத்த பின்னும் விசிறிகள் சில நிமிடம் ஓடும்படி டைமர் வைத்தோம். முழுக்கப் போகவில்லை, தொந்தரவு என்று சொல்லும் அளவில் இல்லை.

## விளைவு

ஒரு முழுக் கோடையைத் தாண்டி வண்டி சோதனைக்கு வந்தது. கியர் எண்ணெய் சுத்தம். ஏசி வாயு குறையவில்லை. ஓடும்போது உள்ளே நல்ல குளிர்ச்சி. நெரிசலில் நீண்ட நேரம் நின்றால் குளிர்ச்சி மட்டுப்படும், ஆனால் எஞ்சின் முள் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. இன்றைய கார்களின் ஏசியோடு இதை ஒப்பிட வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். அந்த அம்மாள் ஆகஸ்டில் கால்வெஸ்டன் கடற்கரை வரைக்கும் போய்வந்தார் என்று சொந்தக்காரர் சொன்னார். முழங்கால் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

இழப்புகளும் உண்டு. வண்டியின் முன்பக்க எடை கூடியது ஸ்டியரிங்கில் தெரிகிறது. வளைவில் கியரைத் தானே தேர்ந்து எடுக்கும் சுகம் போய்விட்டது. அதை அவர் மறைக்கவில்லை. அசல்நிலைப் போட்டிகளில் இனி இடம் கிடையாது. மாற்றங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புக்கொண்ட மதிப்பைப் புதுப்பித்துக்கொண்டார்.

## மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

கியர்பாக்ஸ் தேர்வை. 700ஆர்4-இன் முதல் கியர் 3.06. அடுத்தது 1.63. 3.54 ஆக்சிலோடு சேரும்போது முதல் கியர் கிளம்பிய வேகத்தில் முடிந்துவிடுகிறது, பிறகு இரண்டாவதுக்கு ஒரு பெரிய படி இறங்குகிறது. எக்ஸ்கே போன்ற நீள ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கீழ்ச்சுற்றிலேயே இழுவிசை உண்டு; அவ்வளவு குட்டையான முதல் கியர் தேவையே இல்லை. அதே ஜெனரல் மோட்டார்ஸின் 200-4ஆர் பெட்டியில் முதல் கியர் 2.74, நாலாவது 0.67. அடுத்த வண்டிக்கு அதைத்தான் சொல்வேன். ஆக்சிலை 3.07-க்கு மாற்றினாலும் சரியாகும். ஆனால் இ-டைப்பில் பின் பிரேக்குகள் ஆக்சிலோடு ஒட்டியே உள்ளே இருப்பதால் பின் சஸ்பென்ஷன் கூடு முழுவதையும் இறக்க வேண்டும். அதற்கான கூலியைக் கேட்டதும் சொந்தக்காரர் சிரித்துவிட்டு, முதல் கியர் இப்படியே இருக்கட்டும் என்றார்.

காற்றடைப்பை ஏசி வரும் வரை காத்திருக்காமல் ரேடியேட்டர் வைக்கும் நாளிலேயே செய்வோம். பிரஷர் கேஜை முதல் ஓட்டத்துக்கு முன்பே மாட்டுவோம். வெப்பத்தடுப்பை முடித்துவிட்டு, ஏசி இல்லாமலே சில வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி வண்டியைக் கொடுத்தனுப்புவோம். இவருக்கு அப்போதும் ஏசி வேண்டியிருந்திருக்கும். ஹூஸ்டனைவிட மிதமான ஊரில் இருப்பவர்களில் சிலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.